துரைக்கு ஒரு பெயர்

"கையைத் தூக்கு!"

மேஜர் லாங்ரிஜ் போட்ட சத்தத்தில் சாலையில் வந்தவனைவிட நான்தான் அதிகம் பதறினேன். என் கையில் இருந்தது முயல் சுடும் துப்பாக்கி. பக்கத்தில் நின்ற கொல்லன் ஜெத்ரோ கப்பிட்டிடம் அதுவும் இல்லை. வைக்கோல் புரட்டும் இரும்புக் கவையைத் தோளில் சாய்த்திருந்தான்.

வந்தவன் கையைத் தூக்கினான். அவன் கையிலிருந்த துணிப்பையும் சேர்ந்து மேலே போனது. தலையைச் சுற்றி ஒரு கண்ணை மறைக்கும் பெரிய கட்டு. மழிக்காத தாடி. அளவு பொருந்தாத கோட்டு.

"எங்கே போறே?" என்றார் மேஜர்.

"ஆல்டர்மன்ஸ்பரோவுக்கு, சார்."

மேஜரின் முகத்தில் விளக்கு எரிந்தது. தூண்டிலில் மீன் கடித்துவிட்ட முகம்.

"இன்னொரு தடவை சொல்லு."

அவன் நிமிர்ந்து நின்றான். ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னான். "ஆல்டர்மன்ஸ்பரோ, சார்."

மேஜர் இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவினார்.

அது பிரான்ஸ் விழுந்த வாரம். அடுத்தது நாங்கள்தான் என்று ரேடியோ சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் நார்ஃபோக் கடற்கரையில் ஜெர்மானியர்கள் பாரசூட்டில் குதிப்பார்கள், கன்னியாஸ்திரீ வேஷத்தில் வருவார்கள் என்றெல்லாம் பேச்சு. வந்து இறங்குகிறவனுக்கு வழி தெரியக் கூடாது என்று அரசாங்கம் நாடு முழுக்க வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்கிவிட்டது. ஸ்டேஷன்களில் பெயரில்லை. எங்கள் ஊர் தேவாலயப் பலகையில்கூட ஊர்ப் பெயர் மேல் தார் பூசியாயிற்று. பெயரே இல்லாத ஊருக்குக் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டு, கையில் பட்டை கட்டிய தொண்டர்கள் நாங்கள் முறை வைத்துக் காவல் நின்றோம்.

எங்களுக்கு ஒரு சோதனை இருந்தது. மேஜர் கண்டுபிடித்தது.

ஆல்டர்மன்ஸ்பரோ என்பது வரைபடத்தில் இருக்கும் பெயர். ஊரில் யார் வாயிலும் அது வராது. ஆம்ஸ்பர என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கத்தில் எல்லா ஊரும் இப்படித்தான். ரொட்டிக்கடைக்காரனான நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். என் சொந்த ஊரை விமாண்ட்ஹாம் என்று எழுதுவார்கள், விண்டம் என்று சொல்வோம். கடற்கரையில் ஹேப்பிஸ்பர்க் என்று எழுதியதை ஹேஸ்பர என்பார்கள். ஒருகாலத்தில் எவனோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததைக் காகிதத்தில் எழுதினான். அன்றோடு காகிதம் நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துக்கொண்டே போனது. எதிர்க்காற்றில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்துகிறவனுக்கு ஐந்து அசையெல்லாம் கட்டுப்படியாகாது.

ஆகவே மேஜர் சொன்னார்: "ஜெர்மன்காரன் வரைபடத்தைப் பார்த்துப் படிச்சுட்டு வருவான். எழுத்துப்படி சொல்றவன் அந்நியன். வாய்ப்படி சொல்றவன் நம்ம ஆள்."

அந்தச் சோதனையில் அதுவரை பிடிபட்டவர்கள்: நாரிச்சிலிருந்து வந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், புதிதாக வந்த மாவட்ட நர்ஸ், ஒரு துணைப் பாதிரியார். பாதிரியாரை நிலக்கரிக் கொட்டகையில் அடைத்துவைத்ததற்கு ஆயரிடமிருந்து வந்த கண்டனத்தையும் மேஜர் பொருட்படுத்தவில்லை.

"பேரு?" என்றார் மேஜர், ரிவால்வரைத் தாழ்த்தாமல்.

"வெஸ்லி டாக். சரக்குக் கப்பல்ல சமையல்காரன் சார். போன வாரம் கண்ணிவெடி மேல ஏறிட்டோம். ஹல் துறைமுகத்துல கொண்டுவந்து விட்டாங்க. திங்கட்கிழமை அடுத்த கப்பல். நடுவுல வீட்டைப் பாத்துட்டுப் போலாம்னு..."

"காகிதம்?"

"எல்லாம் கடல்ல சார். கம்பெனி கொடுத்தது இது ஒண்ணுதான்." ஒரு டைப் அடித்த தாளை நீட்டினான். பெயரும் ஒரு முத்திரையும். பெர்லினில் எந்தக் கடையிலும் அடித்துக் கொடுப்பார்கள் என்றார் மேஜர்.

"எந்த வீட்டைப் பாக்க வந்தே?"

"எங்க அப்பா வீடு. எலைஜா டாக். கீழக்கரைச் சந்துல."

எலைஜா எங்கள் ஊர் நண்டுப் படகுக்காரர். அவருக்கு ஒரு மகன் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஜெத்ரோவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் பூட்ஸை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜரும் அவனைப் பார்த்தார். "கப்பிட், நீ இந்த ஊர்லயே பிறந்தவன். இவனைத் தெரியுமா?"

"கட்டுப் போட்டிருக்கான் சார். முகமே தெரியலையே." பூட்ஸிடமே சொன்னான்.

"எலைஜா டாக்குக்குப் பையன் உண்டா?"

"அதை எலைஜாகிட்டத்தான் சார் கேக்கணும்."

அந்த ஆளின் பேச்சும் அவனுக்கு உதவவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கப்பல் கப்பலாக மாறியவன். லிவர்பூலும் நியூயார்க்கும் அவன் நாக்கில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. இடையில் நார்ஃபோக் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு ராணுவ லாரி வரும். சந்தேகப்பட்டவர்களை அதில் ஏற்றினால் முகாமுக்குப் போவார்கள். முகாமிலிருந்து லண்டனுக்கு. லண்டனில் கேள்வி கேட்கிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், பாதிரியார் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. அந்தக் கோடையில் உளவாளி என்று முடிவானால் தூக்குதான். முடிவாகாவிட்டாலும் எத்தனை மாதம் உள்ளே என்று யாருக்கும் தெரியாது.

"சார்," என்றான் அந்த ஆள். "என்ன தப்புப் பண்ணினேன்னு சொன்னீங்கன்னா நல்லாயிருக்கும்."

"ஊர்ப் பேரை எப்படிச் சொன்னே?"

"சரியாத்தானே சொன்னேன்?"

ஜெத்ரோவுக்குப் பொறுக்கவில்லை. "ஆம்ஸ்பரன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேடா!"

"கப்பிட்!" மேஜர் சீறினார். "சோதனையையே உடைச்சுட்டியே!"

அந்த ஆள் ஒற்றைக் கண்ணை அகல விரித்தான். "அதுவா? ஆம்ஸ்பர. ஆம்ஸ்பர. எத்தனை தடவை வேணும்?"

"இப்போ என் ஆள் சொல்லிக் கொடுத்துட்டான். இனிமே நீ பாட்டாவே பாடலாம்." மேஜர் என் பக்கம் திரும்பினார். "புல்லன், சைக்கிளை எடு. எலைஜா டாக்கைக் கூட்டிட்டு வா. அப்பன் சொல்லட்டும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. கிழவர் வருவார், மகனைப் பார்ப்பார், கட்டிப்பிடிப்பார், கம்பத்தைத் தூக்கிவிட்டு நான் அடுப்பைக் கவனிக்கப் போகலாம்.

எலைஜா வீட்டு வாசலில் நண்டுக் கூடை ஒன்றுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கயிறு நின்றது.

"என்ன பேரு சொன்னான்?"

"வெஸ்லி."

"தலையில கட்டா? பெரிசா?"

"ஒரு கண்ணே தெரியலை."

கிழவர் கூடையைக் கீழே வைத்தார். உள்ளே போனார். வெளியே வந்தபோது ஞாயிற்றுக்கிழமை போடும் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவ்வளவு வேக நடை.

கம்பத்தருகே வந்து தொப்பியைக் கழற்றினார். அந்த ஆளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தலைக்கட்டின் மேல் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது.

"டாக், இது உன் பையனா?" என்றார் மேஜர்.

"எனக்குப் பையன் இல்லை, சார்."

மேஜர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"இவனைப் பார்த்திருக்கியா?"

"இவரை எனக்குத் தெரியாது, சார்."

அந்த ஆள் கையை இறக்கிவிட்டான். மேஜர் அதைக் கண்டிக்கக்கூட இல்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஜெத்ரோவின் முகம் வெளுத்தது. அவன் காதருகே போய்க் கேட்டேன், "டேய், இவன் நிஜமா யாரு?"

"வெஸ்லிதான். ஒரே பெஞ்சுல உக்காந்தோம்," என்றான் உதடு அசையாமல்.

"அப்போ வாயைத் திறந்து சொல்லேன்!"

"அப்பன் இல்லைங்கிறான். நடுவுல நான் யாரு?"

"லாரி வருதுடா!"

"அது அவங்க வீட்டு விஷயம்."

இதுதான் இந்த ஊர். ஒருத்தன் வீடு தீப்பிடித்தால் நாற்பது பேர் வாளியோடு ஓடுவார்கள். அதே வீட்டில் அப்பனும் மகனும் பேசாமல் இருந்தால், இடையில் விழுந்து ஒரு வார்த்தை சொல்ல ஒருவனும் வரமாட்டான். நான் விண்டம்காரன். நான் சொன்னால் எடுபடாது. எனக்கு அவனை அடையாளமும் தெரியாது. ஊரில் அடையாளம் தெரிந்த இருநூறு பேரும் ஜெத்ரோவைப் போலவே பூட்ஸைத்தான் பார்ப்பார்கள்.

தூரத்தில் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"நல்லது. நீ போகலாம், டாக்," என்றார் மேஜர்.

கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். போக வேண்டியதுதான். போகவில்லை. அந்த ஆளைப் பார்த்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்:

"அன்னிக்குப் படகுல ஏறியிருந்தா இன்னிக்கு இங்க நிக்க வேண்டியதில்லை."

"வடகிழக்குக் காத்துல எவன் ஏறுவான்?" என்றான் அந்த ஆள்.

"வடக்கு."

"வடகிழக்கு!"

"நேர் வடக்கு! நாப்பது வருஷமா கடல்ல கிடக்கிறேன், எனக்கா சொல்றே?"

"நாப்பது வருஷமா கடல்ல கிடந்தவன்தான் படகை ரெண்டாப் பொளந்துட்டு வந்தான்! ஹாரி சித்தப்பா கையில ரெண்டு விரல் போச்சு. காத்து திரும்பிடுச்சுப்பா, இன்னிக்கு வேணாம்பான்னு கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தினேனா இல்லையா?"

"கத்தினே. கத்திட்டு ஊரை விட்டே ஓடினே."

"நீதானே போன்னு சொன்னே!"

"போன்னா போயிருவியாடா? பன்னெண்டு வருஷம்!"

நியூயார்க்கும் லிவர்பூலும் எங்கே போயினவோ தெரியவில்லை. அவன் நாக்கில் இப்போது கீழக்கரைச் சந்து மட்டும்தான் இருந்தது. கவையைத் தரையில் ஊன்றி ஜெத்ரோ அதன் மேல் சாய்ந்துகொண்டான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

மேஜரின் ரிவால்வர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றது. "ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்! டாக், இவன் யாருன்னு தெரியாதுன்னு சொன்னே."

"தெரியாதுதான், சார்."

"அப்புறம் எதுக்குச் சண்டை போடறே?"

"தப்பாச் சொல்றான், சார். திருத்தினேன்."

லாரி வளைவு திரும்பி வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே கேட்டான். "ஏத்துற சரக்கு ஏதாச்சும் இருக்கா சார்?"

மேஜர் அவனை இருக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு அந்த ஆளிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது, சந்தேகம் போகவில்லை. "நீ இந்த ஊர்க்காரன்னே வெச்சுப்போம். அப்போ ஏன் எங்கிட்டே அந்தப் பேரைச் சொன்னே? இந்த ஊர்க்காரன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான்."

"உங்ககிட்ட வேற எப்படி சார் சொல்றது?" என்றான் வெஸ்லி. நிஜமாகவே புரியாமல் கேட்டான். "நீங்க துரை."

"அதனால?"

வெஸ்லி அப்பனைக் கைகாட்டினான். "அவரைக் கேளுங்க. எனக்கு ஏழு வயசு. ஊர்ப் பெரிய பங்களாவோட பின்வாசல்ல நண்டு கொடுக்கப் போனோம். பங்களாக்கார அம்மா வெளிய வந்து, எந்த ஊருடா பையான்னு கேட்டாங்க. ஆம்ஸ்பரன்னேன். அங்கேயே அப்பா விட்டார் பாருங்க ஒரு அறை! பெரிய மனுஷங்க முன்னால கிழிஞ்ச சட்டை போடுவியா, கிழிஞ்ச பேரைச் சொல்றியே நாயேன்னார். பள்ளிக்கூடத்துல வேற வாத்தியார் பிரம்பு. பாதிரியாருக்கும் பங்களாவுக்கும் முழுப் பேரு. நமக்குள்ள நம்ம பேரு. இந்த ஊர்ல பொறந்த எவனுக்கும் முதுகுல எழுதியிருக்கும் சார்."

மேஜர் ஜெத்ரோவைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றான் ஜெத்ரோ. ஊர் வழக்கத்தைப் பற்றி அவன் தாராளமாகப் பேசலாம். அது எந்த வீட்டு விஷயமும் இல்லை. "எனக்கும் விழுந்திருக்கு."

"பின்னே நீங்க எல்லாரும் எங்கிட்டே ஆம்ஸ்பரன்னுதானே சொல்றீங்க?"

ஜெத்ரோ தலையைச் சொறிந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேஜர் பங்களாவை வாங்கி வந்தபோது ஊரே அவரிடம் முழுப் பெயர்தான் சொன்னது. ஒரு வருஷம் கழித்துத் தோட்டக்காரன் சமையல்காரியிடம் ஆம்ஸ்பர என்று பேசியது அவர் காதில் விழுந்தது. புதியவன் என்று ஊரே சேர்ந்து கேலி செய்திருக்கிறது என்று கொதித்துப்போனார். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, இனிமேல் என்னிடம் எல்லாரும் உண்மையான பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று மேசையைத் தட்டினார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

"நீங்கதானே சார் அப்படிச் சொல்லணும்னீங்க," என்றான் ஜெத்ரோ. "உங்களுக்காகச் சொல்றோம். கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும். பழகிடுச்சு."

மேஜர் எலைஜாவிடம் திரும்பினார். "வாரா வாரம் நண்டு கொண்டுவரே. நீ மட்டும் இன்னும் அந்த நீட்டுப் பேரைத்தான் சொல்றே. நீ என்னை வம்புக்கு இழுக்கிறதா நினைச்சேன்."

"நான் எந்தத் துரை முன்னாலயும் அந்தப் பேரைச் சுருக்கிச் சொன்னதில்லை, சார். நீங்க கேட்டாலும் வாய் வரலை. மன்னிக்கணும்."

மேஜர் ரிவால்வரை உறையில் போட்டார். பொத்தானை மாட்டினார். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவருக்கு, உத்தரவு போட்டு ஒரு மரியாதையைத் தாமே ரத்துசெய்துகொண்டது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எழுத்தில் அவருக்கு ஒன்று தேவைப்பட்டது. பட்டாளத்துப் புத்தி அது.

"டாக், பேசினதெல்லாம் சரி. விதிப்படி ஒரு ஆள் இவனை இன்னார்னு சொல்லணும். நீ சொன்னா விடறேன். சொல்லலைன்னா லாரிதான்."

எலைஜா தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"வடகிழக்குங்கிறான், சார். சுத்தப் பொய்."

"அதை நான் கேக்கலை."

"அன்னிக்குக் காலையில கரையில நின்னது மூணே பேரு. நானு, என் தம்பி ஹாரி. தம்பி போய்ச் சேர்ந்துட்டான்." கடல் பக்கம் பார்த்தார். "இன்னும் அந்தப் பொய்யைச் சொல்ல ஒரே ஒருத்தனாலதான் முடியும். அது எங்க வீட்டுப் பொய், சார். எழுதிக்குங்க."

"பேரு?"

"வெஸ்லி ஜான் டாக். ஆல்டர்மன்ஸ்பரோ."

மேஜர் எழுதிக்கொண்டார். லாரிக்காரனிடம் போய் வா என்று கையசைத்தார். வெறும் லாரிக்கு இத்தனை பெட்ரோலா என்று அவன் முணுமுணுத்தபடி திருப்பிக்கொண்டு போனான். நான் கம்பத்தைத் தூக்கினேன்.

வெஸ்லி பையை எடுத்துத் தோளில் போட்டான். இருவரும் நடந்தார்கள். கிழவர் சாலையின் இடது ஓரம், மகன் வலது ஓரம். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம்.

"கப்பிட்," என்றார் மேஜர், அவர்கள் முதுகைப் பார்த்தபடி. "உனக்கு முதல்லயே தெரியும். இல்லையா?"

"தெரியும் சார்."

"கிழவன் கடைசிவரைக்கும் சொல்லாம இருந்திருந்தா?"

ஜெத்ரோ கவையைத் தோளுக்கு மாற்றினான். "லாரி பின்னாலேயே ஓடியிருப்பேன்னு நினைக்கிறேன் சார். நிச்சயமாச் சொல்ல முடியாது."

கடல் தெரியும் மேட்டில் எலைஜா நின்றுவிட்டார். கையை நீட்டி அலைகளின் மேல் ஒரு திசையைக் காட்டினார். சாலையின் அந்த ஓரத்தில் வெஸ்லியும் நின்றான். பையைக் கீழே வைத்துவிட்டு, தன் கையை அதற்குச் சற்றுக் கிழக்கே நீட்டினான். இருவர் வாயும் அசைவது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்பது எங்களுக்கு எட்டவில்லை. காற்று அந்தப் பக்கமாக வீசியது.